அந்தமான் முதல் பயணம்: எந்தத் தீவுக்குப் போகலாம், எதை விட்டுவிடலாம்

அந்தமானுக்கு முதல்முறை போகிறவர்களிடம் டூர் ஏஜென்ட்டுகள் நீட்டும் திட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். போர்ட் பிளேர், ராஸ் தீவு, நார்த் பே, ஹேவ்லாக், நீல், பாராடாங் என்று எல்லாவற்றையும் ஐந்தாறு நாளுக்குள் திணித்துவிடுவார்கள். ஆறு இடம் பார்த்த கணக்கு வரும், ஆனால் பாதிப் பொழுது ஜெட்டியிலும் வேனிலும் கழிந்திருக்கும். போய்வந்தபின் நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: முதல் பயணத்துக்கு ஹேவ்லாக், நீல் இரண்டு தீவும் போதும், போர்ட் பிளேர் எப்படியும் வழியில் வரும். அதிலும் எல்லோரும் அரைநாள் ஒதுக்கிவிட்டு ஓடும் நீல் தீவுக்குத்தான் குறைந்தது இரண்டு ராத்திரி கொடுக்க வேண்டும்.

முதலில் பெயர் விஷயம், டிக்கெட் எடுக்கும்போது குழப்பும். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் சுவராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது, ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றப்பட்டது. எந்த இணையதளத்தில் எந்தப் பெயர் இருக்கும் என்று சொல்ல முடியாது, இரண்டையும் போட்டுத் தேடுங்கள். அங்கே ஆட்டோக்காரரிலிருந்து ஹோட்டல்காரர்வரை வாயில் வருவது பழைய பெயர்தான், நானும் அதிலேயே எழுதுகிறேன்.

திட்டம் போடும்போது யாரும் சொல்லாத ஒரு விஷயம் வெளிச்சம். அந்தமான் நம்மைவிட எவ்வளவோ கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் இந்திய நேரத்தில் ஓடுகிறது. டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், ஐந்தரைக்குக் கும்மிருட்டு. கோடையில்கூட ஆறு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும். அதற்கு ஈடாகக் காலையில் சீக்கிரமே விடிந்துவிடும். எனவே எந்தத் தீவுக்கு எப்போது போகிறோம் என்பதைத் தீர்மானிப்பது படகு நேரம்தான். இரண்டு மணிப் படகு பிடித்து ஹேவ்லாக்கில் இறங்கினால் மூன்றரை, நாலு ஆகும். ரூமுக்குப் போய்ப் பையை வைத்துவிட்டு வெளியே வந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. எங்களுக்கு டிக்கெட் போட்டுக்கொடுத்த ஏஜென்ட், ஒரு வார்த்தை சொல்லாமல் காலைப் படகை மதியத்துக்கு மாற்றிவிட்டார். "என்ன சார், அதே நாள்தானே" என்கிறார். ராதாநகர் கடற்கரைக்கு வைத்திருந்த ஒரு முழு நாள் அதில் போனது. பணம் கட்டும் முன்னால் படகின் பெயரையும் நேரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், "காலைப் படகு சார், பார்த்துக்கலாம்" என்ற வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

படகுக்கு வருவோம். தனியார் வேகப்படகுகள் மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் என்று சில இருக்கின்றன. போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம், ஹேவ்லாக்கிலிருந்து நீல் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஒரு வழிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் தொடங்கி, வகுப்பைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும். பெட்டிகளை ஏறும் இடத்திலேயே வாங்கி அடுக்கிவிடுகிறார்கள், உள்ளே ஏசி குளிர் எலும்பைத் தொடும், ஜன்னல் திறக்காது, பெரும்பாலானவற்றில் ஓடும்போது வெளியே வந்து நிற்க விடமாட்டார்கள். கிரீன் ஓஷனில் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கலாம், அதற்காகவே கொஞ்சம் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை என்று எடுக்கிறவர்கள் உண்டு. கண்ணாடிக்குள் இரண்டு மணி நேரம் அடைபட்டு அந்தக் கடலைக் கடப்பது எனக்குப் பெரிய இழப்பாகப்படுகிறது. பிரீமியம், ராயல் என்று மேல்வகுப்புக்குக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை. சீட் கொஞ்சம் அகலம், ஏறி இறங்குவது கொஞ்சம் முன்னால், அவ்வளவுதான் வித்தியாசம். குமட்டல் வருகிறவர்கள் கீழ்த்தளத்தில் நடுவிலோ பின்பக்கமோ உட்கார வேண்டும், ஆட்டம் அங்கேதான் குறைவு. வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரைமணி முன்னால் போட்டால்தான் கேட்கும், வயிறு புரட்ட ஆரம்பித்தபின் போட்டுப் பயனில்லை.

அரசுப் படகைத்தான் நான் மனதாரச் சிபாரிசு செய்வேன், குறைந்தது ஒரு வழிக்காவது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் சில நூறு ரூபாய்தான், மேலே திறந்த தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். படகு கிழித்துப் போகும் தண்ணீரிலிருந்து பறவை மீன்கள் திடீரென்று கிளம்பித் தண்ணீரை ஒட்டியே பறந்து போய் விழுவதை அங்கே நின்றால்தான் பார்க்க முடியும். பக்கத்தில் காய்கறி மூட்டையோடும், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த சீட்டோடும் தீவுக்காரர்கள் இருப்பார்கள். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, படகிலும் காதில் தமிழ் விழும். எங்கள் அத்தை தலைசுற்றிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரு பெரியவர், "கண்ண மூடாதீங்கம்மா, தூரத்துல அந்தக் கோட்டையே பாருங்க, சரியாயிரும்" என்றார். தொடுவானத்தைச் சொன்னார். அத்தை நீல் வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டு வந்தார், குமட்டல் நின்றுவிட்டது. ஒரு சிக்கல், அரசுப் படகு தீவுக்காரர்களுக்கான போக்குவரத்து, இருக்கை முதலில் அவர்களுக்குத்தான், நியாயமும் அதுதான். டிக்கெட் சில நாள் முன்னால்தான் திறக்கும், சீசனில் உடனே தீர்ந்துவிடும். கிடைத்தால் நல்லது, அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஹேவ்லாக்கைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ராதாநகர் பெயர் வாங்கிய கடற்கரை, 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது, 2020இல் சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. அந்தப் பெயருக்குத் தகுந்த இடம்தான். மாவு போல மணல், பின்னால் மஹுவா மரங்கள் சுவர் கட்டியதுபோல உயர்ந்து நிற்கும், மேற்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் கடலுக்குள் இறங்கும். எல்லோரும் சாயங்காலம்தான் வருவார்கள், ஆகவே காலை ஏழு, எட்டு மணிக்குப் போங்கள், அவ்வளவு பெரிய கரையில் ஆட்களை எண்ணிவிடலாம். நீந்துவதற்கு வலை கட்டிய பகுதி இருந்தால் அதற்குள்ளேயே நீந்துங்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு, எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால்கூட நனைக்காதீர்கள், அது சும்மா வைத்த பலகை இல்லை. காலாபத்தர் கிழக்குப் பக்கம், சூரிய உதயத்துக்கு நல்லது, குளிக்க அவ்வளவு தோது இல்லை.

எலிஃபன்ட் பீச்சில் எனக்கு அபிப்பிராய பேதம் உண்டு. ஏஜென்ட்டுகள் எல்லோரும் அங்கேதான் கூட்டிப்போவார்கள், ஸ்பீட் போட், ஜெட் ஸ்கீ, ஒரே கூட்டம். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீருக்குள் பவளத்தைவிட மனிதக் கால்கள்தான் அதிகம் தெரியும். கரையில் வேரோடு சாய்ந்து வெளுத்துக் கிடக்கும் பெரிய மரங்கள் 2004 சுனாமியை நினைவூட்டும். காட்டு வழியாக நடந்தும் போகலாம், மழை இல்லாத நாளில் அதுவே நல்ல வழி, உள்ளூர் வழிகாட்டியோடு விடியற்காலையில் கிளம்பினால் கூட்டம் வருமுன் ஸ்நோர்கெல் (மூச்சுக்குழாய் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) முடித்துவிடலாம். பவளம் முன்பு போல இல்லை என்று அங்கே வேலை செய்கிறவர்களே சொல்கிறார்கள். 2010இல் கடல் சூடாகி அந்தமான் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன, 2016இலும் வெளுத்தன. மிச்சமிருப்பதன் மேல் ஏறி நின்று போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உயிருள்ள பவளம் ஒரு விரற்கடை வளர வருஷங்கள் ஆகும், தயவுசெய்து நிற்காதீர்கள், உங்களோடு வந்தவர்கள் நின்றாலும் சொல்லுங்கள்.

ஸ்கூபா, அதாவது காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்குவது, செய்வதாக இருந்தால் ஹேவ்லாக்கிலேயே செய்துவிடுங்கள், நீச்சல் தெரியாதவர்களுக்கும் பயிற்சியாளர் கூடவே வருவார், ஆழம் 12 மீட்டருக்குள்தான். ஆஸ்துமா, காதுப் பிரச்சினை, இதயக்கோளாறு இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மூழ்கி முடித்தபின் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். அதனால்தான் முதலில் ஹேவ்லாக், பிறகு நீல், கடைசியில் போர்ட் பிளேர் என்ற வரிசை எல்லா வகையிலும் பொருந்துகிறது.

இப்போது நீல். ஹேவ்லாக்கைவிட ரொம்பச் சின்னது, மேடு பள்ளம் அதிகமில்லை, வாடகைச் சைக்கிளிலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளி அகதிகளைக் குடியேற்றிய தீவு, ஊர்ப் பெயர்கள் ராமாயணம்: சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர். போர்ட் பிளேருக்குக் காய்கறி போவது இங்கிருந்து, வழியெல்லாம் கத்தரித் தோட்டம், வாழை, பாக்கு. டூர் ஆட்கள் காலைப் படகில் கொண்டுவந்து இறக்கி, மூன்று இடத்தைக் காட்டி, மாலைப் படகில் ஏற்றிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தவர்கள்தான் "நீலில் ஒன்றுமே இல்லை" என்று எழுதுகிறார்கள்.

காரணம் கடலின் ஏற்ற இறக்கம். லட்சுமண்பூர் இரண்டாம் கரையில் இருக்கும் இயற்கைப் பாலம், பழைய பவளப் பாறையைக் கடல் குடைந்து செய்தது, அங்கே கடல் வற்றிய நேரத்தில்தான் போக முடியும். பரத்பூரில் கண்ணாடி அடிப்படகு ஓடவும் நீந்தவும் கடல் ஏறியிருக்கும் நேரம் வேண்டும். ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே ஆறு மணி நேரம். ஒரு நாளில் இரண்டு முறை வற்றும், அது விடியற்காலை நாலரைக்கும் மாலை ஐந்துக்கும் விழுந்தால், பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குக் கிளம்புகிறவர் பாலத்தின் பக்கம் போகவே முடியாது, தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தினமும் அந்த நேரம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும். இரண்டு ராத்திரி தங்கினால் எப்படியும் ஒரு நல்ல வற்று நேரமும் ஒரு நல்ல ஏற்ற நேரமும் பகல் வெளிச்சத்தில் கிடைத்துவிடும். ரூம் போடுவதற்கு முன்னால் போர்ட் பிளேர் அலை அட்டவணையை இணையத்தில் பார்த்துவிடுங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கடல் இன்னும் நன்றாக உள்வாங்கும்.

கடல் வற்றியபின் அந்தப் பாறைத்தட்டு ஒரு தனி உலகம். முழங்கால் ஆழக் குட்டைகள், ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று. கறுப்பாகக் கிடக்கும் கடல் அட்டை, வேறொருவர் ஓட்டுக்குள் குடியிருக்கும் முனிவன் நண்டு, பாறையில் பதிந்த பெரிய சிப்பி. அந்தச் சிப்பியின் விளிம்பு நீலமும் பச்சையுமாக வெல்வெட் துணியை மடித்து வைத்ததுபோல இருக்கும், நம் நிழல் மேலே விழுந்ததும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளூர் வழிகாட்டிகள் சில நூறு ரூபாய் கேட்பார்கள், கொடுங்கள். எந்தக் குட்டையில் எது என்பது அவர்களுக்கு அத்துப்படி, தனியாகப் போனால் பாதி கண்ணில் படாது. எதையும் கையில் எடுத்துக் காட்டச் சொல்லாதீர்கள். பாறை கூர்மையானது, வழுக்கும், ரப்பர் செருப்பு போதாது, பின்பட்டை இருக்கும் செருப்போ பழைய ஷூவோ வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களைப் பாறைக்குக் கூட்டிப்போக வேண்டாம், அத்தை கரையோரம் நிழலில் இளநீரோடு உட்கார்ந்துகொண்டார்.

சூரிய உதயம் சீதாபூரில், அஸ்தமனம் லட்சுமண்பூர் முதல் கரையில். ராத்திரி எட்டு மணிக்குமேல் ஊர் அடங்கிவிடும், கரண்ட் போய்வரும், இன்டர்நெட் சுமார்தான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் எவ்வளவோ தேவலை என்கிறார்கள். இருந்தாலும் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் மணலில் உட்கார்ந்தால் மணல் ஈ கடிக்கும், அரிப்பு நாள்கணக்கில் விடாது, கால்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் ஓரளவு தப்பிக்கலாம்.

போர்ட் பிளேரில் செல்லுலார் சிறை கட்டாயம். 1896இல் தொடங்கி 1906இல் முடித்த கட்டடம், ஏழு சிறகில் மூன்றுதான் மிச்சம். ஒலி ஒளிக் காட்சிக்கு முன்பே பகலில் போய், ஒரு கொட்டடிக்குள் நின்று கதவின் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உள்ளிருந்து கை நீட்டினாலும் எட்டாதபடி சுவருக்குள் தள்ளிப் பதித்திருக்கிறார்கள். ராஸ் தீவு பத்துப் பதினைந்து நிமிஷப் படகு, அரைநாள் போதும், ஆங்கிலேயர் தலைமையகமாக இருந்து 1941 பூகம்பத்துக்குப்பின் கைவிடப்பட்ட கட்டடங்களை ஆலம் வேர்கள் கட்டிப்பிடித்திருக்கும். நல்ல இடம். கூடவே சேர்த்து விற்கும் நார்த் பேயை விட்டுவிடலாம், அங்கே தண்ணீர் விளையாட்டு விற்பனைதான். அந்த அரைநாளை வண்டூரிலிருந்து போகும் ஜாலி பாய் தீவுக்குக் கொடுங்கள். மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி வேண்டும், பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது, மழைக்காலத்தில் மூடியிருக்கும். அந்தக் கட்டுப்பாட்டினால்தான் அங்கே பவளம் பிழைத்திருக்கிறது.

பாராடாங் போகாதீர்கள் என்பது என் கருத்து. சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்கத் தகுந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் வழக்கமாகக் கூட்டிப்போகும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டை ஊடுருவிப் போகிறது. சில நூறு பேரே உள்ள மக்கள், வெளியாரின் நோய்களுக்கு எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள். அந்தச் சாலையை அவர்கள் பகுதியில் மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொன்னது, வண்டிகள் இன்றும் வரிசைகட்டிப் போகின்றன. போட்டோ எடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் வேனுக்குள் இருக்கும் பாதிப் பேர் "யாராவது தெரிகிறார்களா" என்று ஜன்னலில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். மனிதர்களை அப்படிப் பார்க்கப் போவது தப்பு. போகாமல் விட்டால் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து முழுநாளும் வண்டியில் உட்காருவதும் மிச்சமாகும்.

திக்லிபூர், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான் மூன்றும் அழகுதான், ஆனால் இரண்டாம் பயணத்துக்கு. திக்லிபூரில் ராஸ், ஸ்மித் என்று இரண்டு தீவை ஒரு மணல்திட்டு இணைக்கும் (இந்த ராஸ் வேறு, போர்ட் பிளேர் ராஸ் வேறு), அதற்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். லிட்டில் அந்தமானுக்கு அலைச்சறுக்குக்காரர்கள் போகிறார்கள், கப்பலிலேயே ஆறேழு மணி நேரம். நிகோபார் சுற்றுலாவுக்குத் திறக்கப்படவில்லை, கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காலம் என்று பார்த்தால் ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை கடல் சாதுவாக இருக்கும், தண்ணீர் தெளிவாக இருக்கும். நவம்பர், டிசம்பரில் வங்கக்கடல் புயல் எப்போது வேண்டுமானாலும் குறுக்கே வரும். 2016 டிசம்பரில் வர்தா புயலாக மாறிய அதே காற்றழுத்தத்தில் படகுகள் நின்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீலிலும் மாட்டிக்கொண்டார்கள், கடற்படையும் கடலோரக் காவல்படையும் வந்து மீட்டன. எனவே விமானத்துக்கு முந்தின நாள் ராத்திரி கட்டாயம் போர்ட் பிளேரில் இருங்கள், அன்று காலைப் படகில் வந்து மதியம் விமானம் ஏறலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். டிக்கெட்டைப் படகு, ரூம், விமானம் என்ற வரிசையில் பாருங்கள், நல்ல படகு நேரம் கிடைக்கும் தேதிக்கு விமானத்தை நகர்த்துவது சுலபம், தலைகீழாகச் செய்தால் மதியப் படகுதான் கிடைக்கும்.

அப்புறம், கரையில் கிடக்கும் சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள். பவளங்களும் பல வகைச் சிப்பி சங்குகளும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, விமான நிலையத்தில் ஸ்கேனரில் மாட்டும், எடுத்துப் போட்டுவிடுவார்கள், வழக்கும் வரலாம். குழந்தைகளின் பையையும் கிளம்பும் முன் ஒருமுறை கொட்டிப் பாருங்கள்.